உங்க அக்காகிட்ட சொல்லுங்க

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று தொடங்கி, நலமா என்று கேட்டு முடிக்கிற வழக்கமான கடிதம் இல்லை இது. அப்படித் தொடங்கினால் நீயே நம்ப மாட்டாய். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரி என் பொறுப்பில் இருக்கிறாள். பிழைத்துவிடுவாள். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மீதியைப் படி.

கம்பெனி அலுவலகத்திலிருந்து கப்பலுக்கு வந்த தகவலில் "மனைவிக்குச் சாலை விபத்து" என்று மட்டும் இருந்ததாமே. நீ உடனே, வேகமாக ஓட்டியிருப்பாள் என்று நினைத்திருப்பாய். ஓட்டியது அவளில்லை. ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தாள். ஓட்டியவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். வண்டி நேராகப் போய் ஒரு கிடங்கின் சுவரில் மோதியது, அதுவும் அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக. கற்றுக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்குமே, அதை அவள் மிதித்திருக்காவிட்டால் இரண்டு பேருமே இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். மேலாளருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தினமும் வந்து வராந்தாவில் நிற்கிறார். என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார். திட்டுவதற்கென்றே கிளம்பிப் போவேன்; அந்த முகத்தைப் பார்த்ததும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இடது பக்கத்து விலா எலும்புகளில் பாதிக்கு மேல் முறிந்திருக்கின்றன. அடியில் நுரையீரலும் கன்றிப்போயிருக்கிறது. முதலில் சில நாள் மூச்சுக் கருவி போட வேண்டியிருந்தது. அதை எடுத்தாயிற்று. இப்போது முகமூடி வழியாக ஆக்சிஜன் போகிறது, மூச்சு அவளுடையது. சாப்பாடு மூக்கில் விட்ட குழாய் வழியாக. வலிக்கு மருந்து சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறிக்கொண்டே இருக்கிறது. விலா எலும்புக்கு மாவுக்கட்டு கிடையாது. அது தானாகத்தான் கூட வேண்டும். கூடும்வரை அவள் ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும், இருமிச் சளியை வெளியே தள்ள வேண்டும். வலிக்கிறதே என்று மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தால் சளி தேங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஆகவே எனக்கு இங்கே உள்ள வேலை ஒன்றே ஒன்று: அவளை இரும வைப்பது.

படுக்கை வேறு எங்கும் காலி இல்லாததால்தான் என் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே வந்து சேர்ந்தாள். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "சொந்தக்காரங்களை நீங்களே பாக்கறது சரிப்படுமா சிஸ்டர்?" என்று கேட்டார். "சொந்தம்தான் டாக்டர், ஆனா பேச்சுவார்த்தை கிடையாது" என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு அனுமதி கொடுத்தார்.

உன் அத்தான் நேற்று, உங்களுக்குள்ளே அப்படி என்னதான் நடந்தது, ஆதியிலிருந்து சொல் என்று உட்கார்ந்துவிட்டார். சொன்னேன். நீயும் என் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள், ஏனென்றால் அவள் உனக்குச் சொன்னது வேறாக இருக்கும். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று வந்தவள், வந்திருந்த விருந்தாளிகள் அத்தனை பேர் முன்னாலும், "அண்ணி, உங்களுக்கு எல்லாம் வரும், வண்டி மட்டும் வராது" என்றாள். நான் கேட்டை இடித்தது உண்மை. அந்தக் கேட் ஏற்கெனவே கோணல். அன்றோடு சரி, அவளிடம் நான் நேராகப் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை. ஒரே கூடத்தில் நின்றுகொண்டு, "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, மாடில தண்ணி வரலை" என்பாள் அவள். "உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு, மோட்டார் போட்டாச்சு" என்பேன் நான். நடுவில் நீ, மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு. நீ கப்பலுக்குப் போன பிறகும் நாங்கள் விடவில்லை. மாடிப்படியில் மாட்டியிருக்கும் உன் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவோம். அத்தான் அந்தப் படத்துக்குத் தபால் பெட்டி என்று பெயரே வைத்துவிட்டார்.

நீ வர வேண்டாம். வந்தால் கட்டிலருகே உட்கார்ந்து அழுவாய். அதற்கு இங்கே அத்தான் இருக்கிறார். கப்பலை நடுக்கடலில் நிறுத்திவிட்டு நீந்தியா வரப்போகிறாய்? இஞ்சினைப் பார்த்துக்கொள், இவளை நான் பார்த்துக்கொள்கிறேன். என் கைக்கு வந்தவர்களில் நடந்து வீட்டுக்குப் போனவர்கள்தான் அதிகம்.

வேளைக்குச் சாப்பிடு. தைரியமாக இரு. அவளுக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
உன் அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

உன் பதிலைக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். முழுக்க அழுகை. தமிழில் இவ்வளவு அழ முடியும் என்று எனக்கே தெரியாது. அவளிடம் படித்துக் காட்டச் சொல்லியிருந்தாய். காட்டவில்லை. இப்போது இங்கே இருக்கும் நிலைமையில் அவளுக்கு அழுகை ஆகாது. ஏன் என்று எழுதுகிறேன், பதறாமல் படி.

எங்கள் பிரிவில் வலியை எண்ணால் கேட்போம். வலியே இல்லையென்றால் பூஜ்யம், உயிர் போகிறது என்றால் பத்து. அவளையும் கேட்டேன். வேறு வழியில்லையே, வேலை. சுவரைப் பார்த்துக்கொண்டு பொதுவாக, "வலி எத்தனை?" என்பேன். அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டு விரலைக் காட்டுவாள். எப்போது கேட்டாலும் இரண்டு. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பரவாயில்லையே, என் கவனிப்பில் எலும்புகூட மரியாதையாக நடந்துகொள்கிறது என்று நான் பூரித்துப்போனேன். அந்த இரண்டை நம்பி டாக்டர் பகலில் வலி மருந்தைக் குறைத்தார்.

ஆனால் வயிறு சரியில்லை. குழாயில் கொடுத்த உணவு பாதி நாள் கழித்துப் பார்த்தால் அப்படியே இரைப்பையில் கிடந்தது. வயிறு உப்பியது. பிறகு ஒரு காலையில் குழாயில் இழுத்துப் பார்த்தபோது காபித்தூள் கரைத்தது போல வந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்: இரைப்பைக்குள் ரத்தம் கசிகிறது. கேமரா வைத்த குழாயை விட்டு உள்ளே பார்த்தார்கள். பெரிய புண் எதுவும் இல்லை. ஆனால் உட்சுவர் முழுக்கச் சிவந்து வீங்கி, அங்கங்கே கசிந்துகொண்டிருந்தது.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. பெரிய அடிபட்ட உடம்பு தன்னிடம் உள்ள ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் அனுப்புவதிலேயே மும்முரமாக இருக்கும். இரைப்பைக்குக் கடைசிப் பந்திதான். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இந்த வலி மருந்து. மார்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்தது. நல்ல மருந்துதான், இது இல்லாமல் என் பிரிவு ஒரு நாள் ஓடாது. ஆனால் வலியைத் தூங்க வைக்கும்போதே இரைப்பையையும் குடலையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும். தூங்குகிற இரைப்பையில் உணவும் அமிலமும் தேங்கி, ஏற்கெனவே வாடியிருக்கும் உட்சுவரை அரித்துவிடும். இவளுக்கு அதுதான் நடந்திருக்கிறது என்றார் பெரிய டாக்டர். அமிலத்தைக் குறைக்க ஊசி போட்டிருக்கிறார்கள், உணவை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒன்று பிடிபடவில்லை. நான் குறைத்துக்கொண்டே வருகிறேன், மருந்து எப்படி இவ்வளவு சேர்ந்தது? மாலை ஷிப்டில் மீசைக்கார பிரதர். என்னோடு ஒன்றாக நர்சிங் படித்தவர், இருபது வருடமாக மீசையையும் நோயாளிகளையும் ஒரே அக்கறையோடு பார்த்துக்கொள்கிறவர். அவரை மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பிடி பிடி என்று பிடித்தேன். நான் பகலெல்லாம் குறைப்பதை நீங்கள் சாயங்காலம் அள்ளி ஊற்றுகிறீர்களா என்று கேட்டேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்து, "சிஸ்டர், நான் கேட்டா எட்டுங்கறாங்க. சில நாள் ஒன்பது. நீங்க பையை எடுத்துக்கிட்டு வாசலைத் தாண்டினதும் அழ ஆரம்பிச்சுடறாங்க. டாக்டர்கிட்ட சொல்லி மருந்து ஏத்தாம நான் என்ன பண்றது?" என்றார். எங்கிட்ட இப்பதான் ரெண்டுன்னாளே என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "உங்ககிட்ட யாருதான் சிஸ்டர் உண்மையைச் சொல்லியிருக்கோம்?" என்றார்.

புரிகிறதா தம்பி? மகாராணிக்கு என் முன்னால் வலிக்கக் கூடாது. பகல் முழுக்க மூச்சை அடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். நான் போனதும் வலி உச்சிக்கு ஏறிவிடுகிறது. அதை அடக்கப் பெரிய அளவில் மருந்து. இரைப்பை படுத்துவிடுகிறது. மறுநாள் காலை நான் வந்ததும் மறுபடியும் இரண்டு விரல். பக்கத்து இருக்கையில் இருப்பவர் பயத்தைக் காட்டினால் ஓட்டுகிறவர் கை நடுங்கிவிடும், அதனால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன் என்று அவள் உன்னிடம் சொன்னாளாம், நீதான் எனக்குச் சொன்னாய். அந்தப் பழக்கத்தோடு நாத்தனார் மேலிருக்கும் வீம்பும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பயம். இந்த வேலையில் நான் பயந்தது குறைவு, அதனால் சொல்லிவிடுகிறேன். இப்போது முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. மருந்தைக் கூட்டினால் இரைப்பை தாங்காது. குறைத்தால் அவள் இரும மாட்டாள். இடது நுரையீரலின் அடிப்பகுதி இப்போதே எக்ஸ்ரேயில் வெளுத்துத் தெரிகிறது. திரும்பவும் மூச்சுக் கருவி போட வேண்டி வந்தால் அதோடு இன்னும் அதிக மருந்தும் போகும், இந்த வயிற்றை வைத்துக்கொண்டு. அந்த வழியில் போய்த் திரும்பி வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வழி ஒன்று இருக்கிறது. மயக்க மருந்து டாக்டரம்மா, குள்ளமாக இருந்தாலும் குரல் மட்டும் நெடுநெடுவென்று இருக்கும், அவர் வந்து பார்த்தார். முதுகில் ஊசியால் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, விலா எலும்புகளுக்குப் போகும் நரம்புகளை மட்டும் மரத்துப்போக வைக்கலாம் என்கிறார். அது பலித்தால் மார்ஃபினை வெகுவாகக் குறைத்துவிடலாம். இரைப்பை விழித்துக்கொள்ளும், அவளும் இருமுவாள். ரத்தம் உறைகிறதா என்ற சோதனையும் சரியாக வந்துவிட்டது. ஆனால் ஊசி உள்ளே போகும்போது எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று அவள் உடனுக்குடன் சொல்ல வேண்டும். ஒரு இழை தள்ளிப் போனாலும் வேறு நரம்பு கெட்டுவிடும். எட்டு, இரண்டு கதையைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா, "பொய் சொல்ற பேஷன்டுக்கு நான் முதுகுல ஊசி வைக்க மாட்டேன்" என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

நீங்கள் விலகிக்கொள்ளுங்கள், ஊசியின்போது அவளை வேறு யாராவது பிடிக்கட்டும் என்றார் பெரிய டாக்டர். நியாயம்தான். ஆனால் டாக்டரம்மா முதுகில் ஊசி வைக்கும்போதெல்லாம் முன்னால் நின்று நோயாளியை அசையாமல் தாங்குகிறவள் நான்தான். என் கை இல்லாமல் கஷ்டமான ஊசி வைக்க அவருக்கும் பிடிக்காது. முறிந்த விலாவோடு ஒருத்தியை உட்கார வைத்துத் தாங்குவது எல்லோருக்கும் வராது. எனக்கு வரும். வண்டிதான் வராது.

டாக்டரம்மா மனம் மாறினால் ஊசி நாளைக்கு. அதற்குள் உன் வீட்டுக்காரி என்னிடம் உண்மை பேச வேண்டும். அதற்கு ஒரு வழி யோசித்துவிட்டேன். இப்போது வீட்டுக்குப் போய் ஒரு சாமானை எடுத்து வரப்போகிறேன். பலிக்குமா என்று கேட்காதே, பலிக்கும்.

உனக்கு எந்தச் சாமியைப் பிடிக்குமோ அதை நினைத்துக்கொள். எனக்கு நேரமில்லை, என் பங்கையும் சேர்த்து நீயே கும்பிட்டுவிடு.

உன் அக்கா

*

என் தங்கமான தம்பிக்கு,

அந்தச் சாமான் நீதான். மாடிப்படியிலிருந்து உன் படத்தைக் கழற்றி, புடவையில் சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கிருமிநாசினியால் துடைத்தேன். உன் மூக்கின் மேல் எத்தனை வருடத்துத் தூசி. கட்டிலுக்கு முன்னால் இருக்கும் சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஜாடியில் சாய்த்து நிற்க வைத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு, முறைப்படி, சுவரைப் பார்த்தாள். மீசைக்கார பிரதர் எதையோ புரிந்துகொண்டு திரையை இழுத்து மூடிவிட்டு, போகாமல் வெளியிலேயே நின்றார். அவர் செருப்பு தெரிந்தது.

நான் படத்தைப் பார்த்து, "தம்பி, உன் வீட்டுக்காரிகிட்ட கேளு. வலி எத்தனை?" என்றேன்.

ஆக்சிஜன் சீறுகிற சத்தம்தான். என் யோசனை பாழ் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். அப்புறம் முகமூடியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உன்னைப் பார்த்து, "உங்க அக்காகிட்ட சொல்லுங்க. ஒன்பது" என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் இறங்கிவிட்டது. அதன்பிறகு அணை உடைந்தது போலத்தான். இருமச் சொல்லும்போதெல்லாம் கத்தி சொருகுவது போல இருக்கிறது என்று சொல்லுங்கள், முதுகுப் பக்கம் இரண்டு இடத்தில் அதிகம் என்று சொல்லுங்கள், வயிறு கனமாக, எரிச்சலாக இருக்கிறது என்று சொல்லுங்கள். எல்லாம் உன் மூலமாக. நான் அவள் விரல் காட்டிய இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு, இதை மொதல் நாளே சொல்லியிருந்தா வயிறாவது தப்பிச்சிருக்கும்" என்றேன். "உங்க அக்கா முன்னால அழறதுக்குச் செத்துடலாம்னு நினைச்சேன்னு சொல்லுங்க" என்றாள். "சாகவிட்டாத்தானேன்னு சொல்லு" என்றேன். திரைக்கு வெளியே பிரதர் மூக்கை உறிஞ்சினார்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். இரண்டு பெண்கள் ஒரு படத்திடம் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவரும் ஸ்டாஃபா சிஸ்டர்?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என்றேன். டாக்டரம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

இப்போது ஊசி வைத்த கதை. கட்டில் ஓரத்தில் அவளை உட்கார வைத்து, காலுக்கு முக்காலி போட்டு, நான் முன்னால் நின்றுகொண்டேன். அவள் நெற்றியை என் தோளில் சாய்க்க வேண்டும், இரண்டு கையாலும் என்னைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும், முதுகைப் பின்னால் வளைத்துக் கொடுக்க வேண்டும். இதை ஆயிரம் பேருக்குச் செய்திருக்கிறேன். அவள் தலை என் தோளில் பட்டபோது மட்டும் எனக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவளை நான் தொட்டதே இல்லை. எவ்வளவு இளைத்துவிட்டாள் தெரியுமா? தோள்பட்டை எலும்பு கையில் குத்தியது. எனக்கு அழுகை வந்தது, அழவில்லை, அசைந்தால் ஊசி அசையும்.

டாக்டரம்மா பின்னால் வேலையைத் தொடங்கினார். அப்போதுதான் நான் செய்த மடத்தனம் எனக்கு உறைத்தது. உன் படம் மேசையில், அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் முகமோ என் தோளில் புதைந்திருந்தது. உன்னைப் பார்க்க முடியாது. நீ இல்லாமல் அவள் வாயைத் திறக்க மாட்டாளே. மேசையைச் சுற்றிக் கொண்டுவரும்படி பிரதருக்குக் கண்ணால் சாடை காட்டினேன். அவருக்குப் புரியவில்லை, ஆக்சிஜனைக் கூட்டினார். ஊசி உள்ளே போய்க்கொண்டிருந்தது. "வேற மாதிரி ஏதாவது தெரிஞ்சா உடனே சொல்லணும்மா" என்று டாக்டரம்மா நெடுங்குரலில் சொன்னார். அவள் விரல்கள் மட்டும் என் கையை இறுக்கின. இன்னும் இறுக்கின. இவள் மறுபடியும் கல்லாகிவிட்டாள், அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் காதுக்குப் பக்கத்தில் அவள் குரல் கேட்டது. "அண்ணி, வலது பக்கம் சுரீர்னு மின்சாரம் மாதிரி ஓடுது."

அண்ணி என்றாள் தம்பி. நடுவில் நீ இல்லாமல்.

டாக்டரம்மா அந்த நொடியே நிறுத்தி, ஊசியைப் பின்னால் இழுத்து, கோணத்தை மாற்றினார். அடிபட்டது இடது பக்கம், வலது பக்கம் மின்சாரம் ஓடினால் ஊசி வழி தவறுகிறது என்று அர்த்தம். சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் பிறகு எனக்குச் சொன்னார். அதை உனக்கு எழுத மாட்டேன். இரண்டாம் தடவை சரியான இடத்தில் இறங்கியது. "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன், நேராக, அவளைத்தான். "இடது பக்கம் மட்டும் மதமதன்னு வருது அண்ணி" என்றாள். இது போதும் என்றார் டாக்டரம்மா.

மருந்து நன்றாகப் பிடித்த பிறகு படுக்க வைத்து, வலி எத்தனை என்று கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினாள். எனக்கு வந்ததே ஆத்திரம். பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் அதே இரண்டா? இந்தக் கையை நான் இனிமேல் நம்பப்போவதில்லை, இருமிக் காட்டு என்றேன். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினாள். பெருத்த இருமல். பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். பழுப்பாகச் சளி வந்து விழுந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதுபோல என் கல்யாணத்தன்றுகூடப் பட்டிருக்க மாட்டேன், அத்தானிடம் சொல்லாதே. அந்த இரண்டு உண்மையான இரண்டு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறுமுகம்தான். மார்ஃபின் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இப்போது பேருக்குத்தான் இருக்கிறது. இரைப்பைக் குழாயில் காபி நிறம் போய்த் தெளிந்துவிட்டது. அமிலத்துக்கான ஊசி தொடர்கிறது. உணவை மெல்ல மெல்லச் சொட்டவிட்டோம், தங்கியது. இன்று காலை அவள் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கடமுடா என்று ஒரே ஆரவாரம். ஓடிப்போய் மீசைக்கார பிரதரைக் கூட்டி வந்து கேட்க வைத்தேன். "கும்பகர்ணன் எழுந்துட்டார் சிஸ்டர்" என்றார். எக்ஸ்ரேயிலும் வெள்ளை குறைந்திருக்கிறது. நாளை மறுநாள் சாதாரண வார்டுக்கு மாற்றலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். வங்கி மேலாளரிடம் சொன்னேன். வராந்தாவிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரை அத்தான் தேற்றினார், அத்தானை நான் தேற்றினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஊசி வைத்த அன்று அவள் இறுக்கிப் பிடித்த இடத்தில் என் கையில் நக அடையாளங்கள், இரண்டு இடத்தில் ரத்தமே கட்டிவிட்டது. நான் மருந்து மாற்றக் குனிந்தபோது சட்டைக் கை விலகி அவள் கண்ணில் பட்டுவிட்டது. படத்தின் பக்கம் திரும்பவேயில்லை. என்னைப் பார்த்து, "அண்ணி, வலி எத்தனை?" என்றாள். நான் இரண்டு விரலைக் காட்டினேன். "பொய்" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் மறுபடி எனக்கு வண்டி கற்றுக்கொடுக்கப்போகிறாளாம். பிரேக் தன் காலடியிலும் இருக்கும் என்பதால் தைரியமாம். கேட்டை மட்டும் முன்கூட்டியே கழற்றி வைத்துவிடலாம் என்கிறாள். ஒரு பேச்சுக்கு இரண்டு பேச்சு பேசுகிறாள், எல்லாம் நேராக என் முகத்துக்கு. உன் படத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பழையபடி மாடிப்படியில் மாட்டிவிட்டேன். தபால் பெட்டியை மூடியாயிற்று. இனி எங்களுக்கு நடுவில் நின்று பேச்சை அங்கும் இங்கும் கடத்த நீ தேவையில்லை தம்பி.

இந்தக் கடிதம் எழுத உட்காரும்போது, உன் வீட்டுக்காரருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கேன்னு எழுதுங்க அண்ணி. அவரு வேலையை விட்டுட்டு வர வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்லை" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

அந்த முகத்தை எனக்கு இப்போது படிக்கத் தெரியும். உனக்கும் தெரியட்டும் என்றுதான் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதல் கடிதத்தில் வர வேண்டாம் என்று நானும்தான் எழுதினேன்.

கடலும் காற்றும் உனக்கு இசைவாக இருக்கட்டும். எந்தத் துறைமுகம் முதலில் வருகிறதோ அங்கே இறங்கிவிடு. வாசலில் கேட் இருக்காது, நேராக உள்ளே வரலாம்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அக்கா